அசையாத செலவுகளும் அடுப்படியும்

2025 அக்டோபர் மாதத்தில் நாட்டின் சில்லறைப் பணவீக்கம் 0.25 சதவீதம் என்று மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் அறிவித்தது. 2012-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட வரிசையில் அதைவிடக் குறைந்த எண் அதுவரை வந்ததில்லை. உணவுப் பொருள்களின் விலை முந்தைய ஆண்டின் அதே மாதத்தைவிட 5 சதவீதம் இறங்கியிருந்தது. மாதக் கடைசியில் கையைப் பிசைந்து நிற்கிற குடும்பங்களுக்கு இந்த எண் தங்கள் வீட்டுக் கணக்கோடு ஒட்டாத ஒன்றாகவே இருந்தது. இதற்குப் பொருளியலாளர்கள் சொல்லும் விளக்கங்கள் உண்டு, அவை சரியானவையும்கூட. பணவீக்கம் குறைகிறது என்றால் விலை ஏறும் வேகம் குறைகிறது என்றுதான் பொருள். ஏற்கெனவே ஏறிய விலை பெரும்பாலும் ஏறிய இடத்திலேயே நிற்கும். ஒப்பிடப்பட்ட 2024 அக்டோபரில் உணவுப் பணவீக்கம் 10.87 சதவீதம், காய்கறிக்கு மட்டும் 42 சதவீதம். அந்த உச்சியிலிருந்து அளந்தால் சரிவு பெரிதாகத்தான் தெரியும். தவிர, இது நாடு முழுமைக்குமான சராசரி. அதே மாதம் கேரளத்தின் பணவீக்கம் 8.56 சதவீதமாக இருந்தது. தேங்காய் எண்ணெயும் தங்கமும் அங்கே கணக்கைத் தலைகீழாக்கியிருந்தன. இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. காய்கறி உண்மையிலேயே மலிந்த மாதங்களில்கூட, நெருக்கடியான காலத்தில் வீடு விட்டுவிட்ட பொருள்கள் தட்டுக்கு எளிதில் திரும்புவதில்லையே, ஏன்? உணவின் விலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இதற்குப் பதில் கிடைக்காது. வாடகை ஏறினாலும், பள்ளிக் கட்டணம் ஏறினாலும், வட்டி ஏறினாலும், பெட்ரோல் ஏறினாலும் சாதாரணக் குடும்பத்தில் அந்தச் சுமை கடைசியில் சாப்பாட்டின் மேல்தான் வந்து இறங்குகிறது. விலைவாசியைப் பற்றிய நம் பேச்சும் அரசின் கணக்கும் இந்த ஒரு விஷயத்தைத் தவறவிடுகின்றன என்பதே என் வாதம்.

அம்பத்தூரிலோ திருப்பூரிலோ வாடகை வீட்டில் இருந்துகொண்டு கம்பெனி வேலைக்குப் போகும் ஒரு குடும்பத்தின் மாதத்தை எடுத்துக்கொள்வோம். ஐந்தாம் தேதிக்குள் வாடகை. அதோடு யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் சொல்லும் கணக்கில் கரண்ட் காசு. ஜூன் பிறந்தால் பள்ளிக் கட்டணம், மாதாமாதம் வேன் காசு. வண்டிக்குத் தவணை, அன்றைக்கு வங்கிக் கணக்கில் பணம் இல்லையென்றால் அதற்குத் தனி அபராதம். குழுக்கடன் இருந்தால் வாரத் தவணை. ஒருவர் கட்டவில்லையென்றால் மற்றவர்களும் சேர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். செல்போன் ரீசார்ஜ் இருபத்தெட்டு நாளுக்கு ஒருமுறை வந்து நிற்கும். இவை அசையாத செலவுகள்; ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி இருக்கிறது. அந்தத் தேதியில் வந்து கேட்க ஓர் ஆளோ ஒரு குறுஞ்செய்தியோ இருக்கிறது. தராவிட்டால் என்ன நடக்கும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள், பிள்ளையை வகுப்பில் எழுப்பி நிறுத்துவார்கள், வண்டியைத் தூக்கிக்கொண்டு போவார்கள். சாப்பாட்டுச் செலவுக்கு மட்டும் தேதி கிடையாது, கேட்க ஆளும் கிடையாது. சாம்பாரில் ஒரு கைப்பிடி பருப்பு குறைந்தது என்று யாரும் வந்து கதவைத் தட்டப்போவதில்லை. பாலை அரை லிட்டரிலிருந்து கால் லிட்டராக்கினால் வீட்டுக்கு வெளியே ஒருவருக்கும் தெரியாது. ஆகவே மிக அவசியமான செலவே மிக எளிதாகக் குறைக்கக்கூடிய செலவாகவும் ஆகிவிடுகிறது.

சமையல் எரிவாயு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சென்னையில் 14.2 கிலோ சிலிண்டர் 2020 நவம்பரில் 610 ரூபாய். 2022 ஜூலையில் 1068.50 ஆயிற்று, 2023 மார்ச்சில் 1118.50. மானியமும் அந்தக் காலத்துக்கு முன்பே பெரும்பாலோருக்கு நின்றுபோயிருந்தது. சிலிண்டரைப் பாதியாக வாங்க முடியாது. கூடுதலான 500 ரூபாயை வீட்டுக்காரரிடமோ பள்ளியிடமோ கழித்துக்கொள்ளவும் முடியாது. அந்தச் சிலிண்டரில் எதைச் சமைக்கிறோமோ அதிலிருந்துதான் கழிக்க வேண்டியிருந்தது. பிறகு விலை இரண்டு முறை குறைக்கப்பட்டு 2024 மார்ச்சில் 818.50-க்கு வந்தது, 2025 ஏப்ரலில் மறுபடி 50 ரூபாய் ஏறியது. இறங்கிய 300 ரூபாய் அடுப்படிக்குத் திரும்பியிருக்க வேண்டும் அல்லவா? ஆனால் அதற்குள் மற்ற அசையாச் செலவுகள் சும்மா இருக்கவில்லை. 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதத்துக்கு ஏற்றியது. விலைவாசியைக் கட்டுப்படுத்தத்தான் ஏற்றியது. 2022-இல் தொடர்ந்து மூன்று காலாண்டுகள் பணவீக்கம் 6 சதவீத வரம்பைத் தாண்டியதால் ஏன் தவறினோம் என்று சட்டப்படி அரசுக்கு விளக்கம் எழுத வேண்டிய நிலையில் அது இருந்தது. ஆனால் வீட்டுக்கடன் வாங்கியவர்களுக்கு அந்த நடவடிக்கை இன்னும் ஓர் அசையாச் செலவாக வந்து சேர்ந்தது. ஒரு செலவு இறங்கும்போது கிடைக்கும் இடத்தை ஏறிக்கொண்டிருக்கும் வேறொரு செலவு பிடித்துக்கொள்கிறது. அடுப்படிக்கு வரிசையில் எப்போதும் கடைசி இடம்.

பொருளியல் பாடநூல்கள் இதை வேறு விதமாகச் சொல்லும். ஜெர்மானியப் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கெல் 1857-இல் பெல்ஜியத் தொழிலாளர் குடும்பங்களின் செலவுக் கணக்கை ஆராய்ந்து, வருமானம் ஏற ஏற மொத்தச் செலவில் உணவின் பங்கு குறையும் என்று கண்டார். அன்றிலிருந்து உணவுப் பங்கு குறைவது வளத்தின் அடையாளம் என்று கொள்ளப்படுகிறது. இந்தியாவில் 2022-23-ஆம் ஆண்டின் குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு வெளிவந்தபோது இதே மகிழ்ச்சிதான் வெளிப்பட்டது. கிராமப்புறங்களில் உணவின் பங்கு 46 சதவீதமாகியிருந்தது. பாதிக்குக் கீழே இறங்கியது அதுவே முதல்முறை. நகரத்தில் 39 சதவீதம். அந்த மகிழ்ச்சியில் உண்மை இல்லாமல் இல்லை. ஐம்பது ஆண்டுக்கு முந்தைய தமிழ்நாட்டுக் கிராமத்தில் ஐப்பசி கார்த்திகையில் எத்தனை வீடுகளில் ஒருவேளைதான் உலை கொதித்தது என்பதை அறிந்தவர்கள் இன்றைய நிலையைப் பஞ்சம் என்று சொல்லமாட்டார்கள். ஆனால் பங்கு குறைவதற்கு இரண்டு வழிகள் உண்டு. வயிறார உண்டபின் மிஞ்சிய பணம் மற்றவற்றுக்குப் போகலாம். மற்றவை பிடுங்கிக்கொண்டபின் மிஞ்சியது உணவுக்கு வரலாம். இரண்டிலும் சதவீதக் கணக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். அதே கணக்கெடுப்பில் கிராமத்துக் குடும்பங்கள் தானியங்களுக்குச் செலவிட்டது 5 சதவீதத்துக்கும் உள்ளே. போக்குவரத்துக்குச் செலவிட்டது 7.5 சதவீதம். அரிசிக்கு ஆகும் செலவைவிடப் போய்வர ஆகும் செலவு பெரிதாகிவிட்டது. இதில் ரேஷன் அரிசியின் பங்கைக் கழித்தே பார்க்க வேண்டும் என்றாலும், பேருந்துக்கும் பெட்ரோலுக்கும் கொடுப்பதை யாரும் விருப்பச் செலவு என்று சொல்ல முடியாது.

இந்த ஐயம் ஆய்வாளர்களுக்கும் உண்டு. எண்பதுகளிலிருந்து இந்தியாவில் வருமானம் ஏறியும் தலைக்கு உட்கொள்ளும் கலோரி அளவு குறைந்துவந்ததை ஆங்கஸ் டீட்டனும் ஜான் திரேஸும் 2009-இல் விரிவாக எழுதினார்கள். உடலுழைப்பு குறைந்ததாலும் நோய் குறைந்ததாலும் உடலின் தேவையே குறைந்திருக்கலாம் என்பது அவர்கள் முன்வைத்த விளக்கங்களில் முக்கியமானது. மண்வெட்டி பிடித்தவர் தையல் இயந்திரத்தின் முன் உட்காரும்போது அவருக்குப் பழைய அளவு சோறு தேவைப்படாது. இதை மறுக்க முடியாது. ஆனால் தீபாங்கர் பாசுவும் அமித் பசோலேயும் 2012-இல் வேறொரு காரணத்தை வலியுறுத்தினார்கள். மருத்துவம், கல்வி, போக்குவரத்து, எரிபொருள் ஆகிய தவிர்க்க முடியாத செலவுகள் பெருகி உணவுக்கான பணத்தை நெருக்கின என்றார்கள். இரண்டு விளக்கங்களும் ஒன்றையொன்று முற்றிலும் விலக்கவில்லை. எனக்கு இரண்டாவதன் பக்கமே எடை கூடுதலாகப் படுகிறது. தேவை குறைந்ததால்தான் உண்பது குறைந்தது என்றால் உடல் நலமாக இருக்க வேண்டும். 2019-21-இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். ரத்தசோகைக்கு உணவு மட்டும் காரணமல்ல. ஆயினும் போதுமான அளவு உண்ணும் ஒரு சமூகத்தின் எண் இது என்று சொல்லிவிட முடியாது.

அடுப்படியில் குறைப்பது எப்படி நடக்கிறது என்பதைத் தள்ளுவண்டிக்கு அருகில் நின்றாலே பார்க்கலாம். தக்காளி கிலோ 25 ரூபாய்க்கு விற்கும்போது ஆட்கள் எடையில் கேட்கிறார்கள்: ஒரு கிலோ போடுங்கண்ணா, அரைக் கிலோ போடுங்க. விலை நூறைத் தொட்டதும் கேட்கும் முறை மாறிவிடுகிறது: இருபது ரூபாய்க்குத் தக்காளி கொடுங்க, பத்து ரூபாய்க்குப் பச்சை மிளகாய். 2023 ஜூலையில் தக்காளி விலை ஓராண்டில் மூன்று மடங்கான நாள்களில் இதை எல்லாச் சந்தைகளிலும் கேட்டிருக்கலாம். அப்போது தமிழக அரசு சென்னை ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்க வேண்டிவந்தது. எடையில் கேட்பவருக்குப் பொருள் இவ்வளவு என்பது நிலையானது, பணம் முன்பின்னாகலாம். ரூபாயில் கேட்பவருக்குப் பணம்தான் நிலையானது. பொருள் எவ்வளவு வருகிறதோ அவ்வளவு. பையில் ஏழு தக்காளி விழுந்த இடத்தில் மூன்று விழும். செலவு ஒரு ரூபாய்கூட ஏறியிருக்காது. அந்த வீட்டின் செலவுக் கணக்கை எவராவது எழுதி வைத்திருந்தால் அதில் விலையேற்றத்தின் சுவடே இருக்காது. பொட்டலப் பொருள்களை விற்கும் நிறுவனங்கள் இந்தப் பழக்கத்தை நன்றாக அறிந்தவை. ஷாம்பூவைச் சிறு பாக்கெட்டில் அடைத்து விற்கும் வழக்கம் கடலூரில் தொடங்கிய காலத்தில், ஏழைக்கும் எட்டும் விலை என்பது அதன் பெருமையாக இருந்தது. இன்று ஐந்து ரூபாய் பிஸ்கட் ஐந்து ரூபாயாகவே இருக்க, உள்ளே எடை சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. ஒரு கிராமுக்கோ ஒரு மில்லிலிட்டருக்கோ என்ன விலை என்று உறையில் அச்சிட வேண்டும் என்ற விதி 2022-இல் வந்தது. பெட்டிக்கடை வெளிச்சத்தில் அதை வாசித்துக் கணக்குப் போட்டு வாங்குகிறவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

வீட்டுக்குள் வந்த குறைந்த பொருள் எல்லாருக்கும் சமமாகக் குறைவதில்லை. நாமக்கல்லில் நாள்தோறும் அறிவிக்கப்படும் முட்டையின் பண்ணை விலை 2025 இறுதியில் 6 ரூபாயைத் தாண்டியது. தெருமுனைக் கடையில் அது இன்னும் கூடுதல். நாலு பேர் உள்ள வீட்டில் நாலு முட்டை மூன்றாகும்போது யாருடைய முட்டை போகிறது என்று கேட்க வேண்டியதில்லை. வேலைக்குப் போகிறவருக்கு ஒன்று, வளர்கிற பிள்ளைகளுக்கு ஒவ்வொன்று, சமைத்தவருக்குக் குழம்பு. அம்மாவுக்கு முட்டை பிடிக்காது என்று பிள்ளைகள் நம்பி வளர்கிற வீடுகள் ஏராளம். இது அன்பினால் நடக்கிறது, வற்புறுத்தலால் அல்ல என்று சொல்பவர்கள் உண்டு. அன்பு உண்மைதான். ஆனால் விலை ஏறும்போதெல்லாம் அந்த அன்பு ஒரே ஆளிடமிருந்துதான் பங்கை எடுக்கிறது என்றால் அது வெறும் மனநிலை அல்ல, ஓர் ஏற்பாடு. உணவைத் தவிர நேரமும் போகிறது. 2019-இல் நடந்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளில் 299 நிமிடம் அதற்குச் செலவிடுகிறார். ஆண் 97 நிமிடம். நாலு ரூபாய் மிச்சப்படும் என்பதற்காகத் தொலைவிலுள்ள வாரச்சந்தைக்கு நடப்பதும், பருப்பு வந்துவிட்டது என்று கேள்விப்பட்டு ரேஷன் கடையில் மறுபடி போய் நிற்பதும், கடையில் வாங்கிய மாவுக்குப் பதில் வீட்டிலேயே அரைப்பதும் அந்த 299-க்குள் அடங்கியவை. பணத்தில் கொடுக்க முடியாத விலையேற்றத்தை உடலால் கொடுக்கிறார்கள்.

பணவீக்கக் குறியீடு இவற்றைக் காணாதது யாருடைய சதியும் அல்ல. அதன் வேலையே வேறு. குறிப்பிட்ட ஒரு கூடைப் பொருளின் விலை எவ்வளவு மாறியது என்று மட்டுமே அது அளக்கிறது. அந்தக் கூடையும் மெதுவாகவே மாறுகிறது. பத்தாண்டுக்கும் மேலாகப் புழக்கத்தில் இருந்த வரிசைக்கு 2011-12-ஆம் ஆண்டின் செலவுக் கணக்கெடுப்பே அடிப்படை. 2017-18-இல் எடுத்த கணக்கெடுப்பின் முடிவுகளைத் தரம் போதாது என்று சொல்லி அரசு வெளியிடவே இல்லை. கிராமப்புற வீட்டு வாடகை அந்த வரிசையில் சேர்க்கப்படவே இல்லை. நூறு நாள் வேலையின் கூலியை நிர்ணயிக்கப் பயன்பட்ட விவசாயத் தொழிலாளர் குறியீடு 2025 வரை 1986-87-ஐ அடிப்படையாகக் கொண்டிருந்தது. செல்போனும் குடிநீர் கேனும் ஊருக்குள் வராத காலத்துக் கூடை அது. மறுபக்கத்திலிருந்து ஒரு வலுவான ஆட்சேபம் வரும். அமெரிக்காவில் 1996-இல் பாஸ்கின் குழு, நுகர்வோர் விலைக் குறியீடு பணவீக்கத்தை ஆண்டுக்கு 1.1 சதவீதப் புள்ளி மிகைப்படுத்துகிறது என்றது. ஒரு பொருள் விலை ஏறினால் மக்கள் மலிவான மாற்றுக்குப் போய்விடுகிறார்கள், குறியீடு அதைக் கணக்கில் எடுப்பதில்லை என்பது அது காட்டிய காரணங்களில் ஒன்று. மாட்டிறைச்சியிலிருந்து கோழிக்கு மாறுகிறவருக்கு இது பொருந்தும். 2015 அக்டோபரில் துவரம்பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டபோது இங்கே பலர் துவரையிலிருந்து மலிவான பருப்புக்கும், அதிலிருந்து ரசத்துக்கும் மாறினார்கள். குறியீட்டின் மொழியில் இதுவும் மாற்றுப்பொருள்தான். உடலின் கணக்கில் புரதம் போய்விட்டது. வருமானம் குறையக் குறைய மாற்று என்பது இழப்புக்கு நெருங்கி வருகிறது. ஓர் எல்லைக்குக் கீழே இரண்டுக்கும் வேறுபாடே இல்லை. இழப்பை அளக்கவே முடியாது என்பதும் சரியல்ல. காசில்லாததால் ஒருவேளை விட்டீர்களா, சில வகை உணவோடு நிறுத்திக்கொண்டீர்களா என்ற வகையில் எட்டுக் கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை ஐ.நா. உணவு வேளாண் நிறுவனம் பல நாடுகளில் பயன்படுத்திவருகிறது. அவற்றைக் குடும்பத் தலைவரிடம் கேட்காமல் சமைப்பவரிடம் தனியாகக் கேட்டால், விலைக் குறியீடு சொல்லாததை அந்தப் பதில்கள் சொல்லும்.

விலை ஏறினால் கூலியும் ஏறுகிறதே என்பார்கள். ஏறுகிறது, ஆனால் விலையைக் கழித்துவிட்டுப் பார்த்தால் மிஞ்சுவது சொற்பம். ரிசர்வ் வங்கியின் புள்ளிவிவரங்களைக் கொண்டு ஜான் திரேஸ் கணக்கிட்டபோது 2014-15 முதல் 2021-22 வரை கிராமப்புற விவசாயக் கூலியின் உண்மை வளர்ச்சி ஆண்டுக்கு 1 சதவீதத்தைத் தொடவில்லை. கட்டுமானக் கூலி அதைவிடக் குறைவு. காய்கறி விலை ஏறினால் விவசாயிக்கு நல்லதுதானே என்பது இன்னொரு கேள்வி. அந்தக் கேள்வியில் உள்ள அக்கறையை மதிக்க வேண்டும். நகரத்தார் மலிவாக உண்பதற்காக உழவர் நட்டப்பட வேண்டும் என்று யாரும் கேட்க முடியாது. ஆனால் ரிசர்வ் வங்கி 2024-இல் வெளியிட்ட ஆய்வுத்தாள் ஒன்றின்படி, தக்காளிக்கு நுகர்வோர் கொடுக்கும் ஒரு ரூபாயில் விவசாயிக்குச் சேர்வது சுமார் 33 காசு, வெங்காயத்தில் 36. 2023 ஜூலையில் தக்காளி நூறைத் தாண்டிச் சில வாரங்களுக்குள் மொத்தச் சந்தையில் பறிப்புக்கூலிக்கும் கட்டாத விலைக்கு விழுந்தது. விலை ஏறும்போது வாங்குகிறவர் வீட்டிலும் விழும்போது விளைவிக்கிறவர் வீட்டிலும் இழப்பு. சிறு விவசாயியின் குடும்பம் அரிசியும் பருப்பும் எண்ணெயும் கடையில் வாங்குகிற குடும்பம்தான் என்பதால் அதற்கு இரண்டு பக்கமும் அடி.

அசையாச் செலவுகள்தான் அடுப்படியை நெருக்குகின்றன என்பது உண்மையானால், அவற்றில் ஏதாவது ஒன்று தளரும்போது அடுப்படிக்கு மூச்சு கிடைக்க வேண்டும். தமிழ்நாட்டில் அதற்குச் சான்று உண்டு. 2021 மே மாதம் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. இதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. போக்குவரத்துத் துறையின் திட்டமாகவே பேசப்படும் இதை நான் ஓர் உணவுத் திட்டமாகவே பார்க்கிறேன். 2022 செப்டம்பரில் தொடங்கிய பள்ளிக் காலை உணவும் அப்படித்தான்: அது பிள்ளைக்கு உணவு தருகிறது, சமைப்பவருடைய காலை நேரத்தில் கொஞ்சத்தையும் திருப்பித் தருகிறது. ரேஷன் கடையின் பெருமை இன்னும் ஆழமானது. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற முழக்கத்திலிருந்து 2011-இல் இலவச அரிசி வரையிலான பயணத்தை வாக்கு அரசியல் என்று மட்டும் பார்ப்பவர்கள் அதன் பொருளியலைக் கவனிப்பதில்லை. பொருளாகத் தருவது விலையேற்றத்தில் தேயாது. அரிசி வெளியே 40 ரூபாயானாலும் 60 ரூபாயானாலும் 20 கிலோ 20 கிலோதான். 2007 முதல் சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் தரப்படும் துவரம்பருப்பு பல ஆண்டுகளாகக் கிலோ 30 ரூபாயாகவே இருக்கிறது. வெளியே 200 விற்ற 2015-இல் ஒரு கிலோ கிடைத்த வீட்டுக்கு 170 ரூபாயின் பாதுகாப்பு. பருப்பும் பாமாயிலும் மாதக் கடைசிவரை வராமல் அலையவிடுவது அந்தத் திட்டத்தின் பெரிய குறை. அதைத் திருத்த வேண்டுமே தவிர, அதைக் காட்டித் திட்டத்தையே பணமாக மாற்றச் சொல்வது ஆபத்து. பக்கத்துப் புதுச்சேரியில் 2015 முதல் ரேஷன் தானியத்துக்குப் பதிலாக வங்கிக் கணக்கில் பணம் போடப்பட்டது. போட்ட பணத்துக்குக் கடையில் அந்த அளவு அரிசி வரவில்லை என்று மக்கள் ஆண்டுக்கணக்கில் முறையிட்டார்கள். மூடிக்கிடந்த ரேஷன் கடைகள் 2024-இல் மறுபடி திறக்கப்பட்டன.

பணமாகத் தரப்படுபவை எப்படித் தேய்கின்றன என்பதற்குப் புதுச்சேரி வரை போகவும் வேண்டாம். ஏழை முதியோருக்கான உதவித்தொகையில் மத்திய அரசின் பங்கு 2007-இல் மாதம் 200 ரூபாய். 60 முதல் 79 வயதுவரை உள்ளவர்களுக்கு 2025 முடியும்போதும் அதே 200 ரூபாய். அதற்குள் விலைமட்டம் மூன்று மடங்காகிவிட்டது. தமிழ்நாடு தன் பங்கைச் சேர்த்து 2011-இல் 1000 ரூபாய் ஆக்கியது பாராட்டுக்குரியது. ஆனால் 1200 ஆக்க 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் விலைகள் ஏறத்தாழ இரட்டிப்பாகியிருந்தன. தொழிலாளர் வைப்புநிதியின் குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014 செப்டம்பரில் 1000 ரூபாய் என்று வைக்கப்பட்டது. 2025 முடியும்வரை மாறாத அந்த ஆயிரம், 2014-இன் கணக்கில் சுமார் 600 ரூபாய்க்குத்தான் பொருள் வாங்கும். 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத்தொகை தொடங்கியபோதும் தொகை அறிவிக்கப்பட்டதே ஒழிய, அது விலையோடு ஏறும் என்ற விதி எழுதப்படவில்லை. அதே சமயம் அரசு ஊழியரின் அகவிலைப்படி ஆண்டுக்கு இரண்டு முறை குறியீட்டைப் பார்த்துத் திருத்தப்படுகிறது. அவர்களுக்குக் கிடைப்பதில் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. இரண்டாம் உலகப் போரின் விலையேற்றக் காலத்தில் குறைந்த சம்பளக்காரர்களின் உணவுச் செலவுக்காகவே அந்தப் படி பிறந்தது. போராடிப் பெற்ற நியாயம் அது. எந்தத் தேவைக்காக அது உண்டாக்கப்பட்டதோ அந்தத் தேவை மிகக் கடுமையாக உள்ளவர்களிடம் அது இன்னும் போய்ச் சேரவில்லை.

எல்லா வருமானத்தையும் விலையோடு கட்டிவிட்டால் விலையும் வருமானமும் ஒன்றையொன்று துரத்தும், பணவீக்கம் அடங்காது என்பது தீவிரமாக எடுத்துக்கொள்ள வேண்டிய எச்சரிக்கை. லத்தீன் அமெரிக்க நாடுகள் எண்பதுகளில் அந்த அனுபவத்தைப் பட்டுத் தெரிந்துகொண்டன. ஆனால் அங்கே நடந்தது பொருளாதாரம் முழுவதிலும் ஊதியம், வாடகை, கடன் எல்லாவற்றையும் குறியீட்டோடு பிணைத்தது. 200 ரூபாயை 600 ரூபாயாக்குவது பருப்பு விலையை விரட்டும் என்று வாதிடுவதானால், ஜனவரியிலும் ஜூலையிலும் அகவிலைப்படி ஏறும்போதும் அதையே வாதிட வேண்டும். அப்படி யாரும் வாதிடுவதில்லை. நிதிச்சுமை என்ற ஆட்சேபம் இதைவிட நேர்மையானது. மாநிலங்களின் கடன் பெரியது, ஒவ்வொரு நூறு ரூபாய் உயர்வும் கோடிக்கணக்கில் பெருகும். அந்தச் செலவு இப்போதும் ஆகிக்கொண்டுதான் இருக்கிறது என்பதே இதற்கு என் பதில். வரவுசெலவுத் திட்டத்தில் தலைகாட்டாமல், இல்லாமல்போன நாலாவது முட்டையாகவும் கால் லிட்டரான பாலாகவும் அது வீடுகளில் ஆகிறது; பிறகு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரையாக அரசிடமே திரும்பி வருகிறது. யார் கட்டுவது என்பதுதான் தீர்மானிக்க வேண்டியது. குறியீட்டெண் எத்தனை புள்ளி ஏறியது என்று கணக்கிட்டு அகவிலைப்படி ஆணையை எழுதுகிற அதே அலுவலகம், முதியோர் உதவித்தொகைக்கும் குறைந்தபட்ச ஓய்வூதியத்துக்கும் அதே ஆணையில் இரண்டு பத்திகள் சேர்த்து எழுத முடியும். அதற்குப் புதிய கணக்கெடுப்போ புதிய துறையோ வேண்டாம், வரும் ஜூலையிலேயே தொடங்கலாம்.